கொடுவா மீனுக்கு எந்த லூர் (செயற்கை இரை)? பாக் விரிகுடா பக்கம் ஒரு மாதிரி, மன்னார் வளைகுடா பக்கம் ஒரு மாதிரி இருக்கே

முகவை_ராடு:
வணக்கம்ணே. சென்னைல வேலை, லீவுக்கு ஊருக்கு வந்தாதான் தூண்டி ராடையே எடுக்குறது. முட்டுக்காடுல கொடுவா அடிச்ச அதே சில்வர் மின்னோவும் (குட்டி மீன் மாதிரி லூர்) பாப்பரும்தான் (தண்ணி மேல சத்தம் போட்டு வர்ற லூர்) கைல இருக்கு, இங்க போட்டா சீண்ட மாட்டேங்குது. பாக் பக்கம் தேவிபட்டினத்துல தண்ணி ஒரே கலங்கல், முள்ளு பூரா பாசிதான் வருது. மன்னார் பக்கம், மண்டபத்துக்குத் தெக்க போனா அடி மணல் தெரியுது, மீன் பின்னாடியே வந்து பாத்துட்டு திரும்பிப் போயிருது. லூர மாத்தணுமா எடத்த மாத்தணுமா? புதுசா வாங்குனா வீட்ல திட்டு விழும்.

தொண்டிக்காரன்:
தம்பி மொதல்ல காத்தப் பாரு. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல மன்னார் பக்கம் கொந்தளிக்கும் பாக் பக்கம் குளமா கெடக்கும், வாடை (வடகிழக்குக் காத்து) எறங்குனா அப்படியே மாறிரும். நம்ம பக்கம் வத்தப்பெருக்கு ஒரு மீட்டர் கூட வராது, ஆஸ்திரேலியாக்காரன் வீடியோல சொல்ற டைடு கணக்கெல்லாம் இங்க எடுபடாது. கலங்கல்ல கொடுவா கண்ண விட அதிர்வத்தான் நம்பும், அதனால வால் நல்லா அடிக்கிற சாஃப்ட் பிளாஸ்டிக், கருப்பு இல்ல கோல்டு, முள்ளு முனைய பிளாஸ்டிக்குள்ளயே சொருகி வைக்கிற வீட்லெஸ் ஹூக்குல மாட்டு, பாசி மேலயே வழுக்கிட்டு வந்துரும். ரெண்டு சுத்து சுத்தி நிப்பாட்டி எறங்க விடு, எறங்கும்போதுதான் அடிக்கும், அப்ப தூண்டி நரம்பு தொங்கிட்டு இருந்தா தெரியாமயே போயிரும்.

கீழக்கரை_ரீல்:
அண்ணன் சொன்னது பாக் பக்கத்துக்கு சரி. தெளிஞ்ச தண்ணில பின்னாடி வந்து திரும்புறதுல பாதி கொடுவாவே இல்ல ப்ரோ, ஊளியும் முரலும்தான். விடியக்கருக்கல்ல போங்க, மடவை கலர்ல சின்ன லூர், வெயில் ஏறுனா கெளம்பிருங்க. லீடர் (லூருக்கு முன்னாடி கட்டுற நரம்புத் துண்டு) ஃப்ளோரோகார்பன்ல போடுங்க, ஆனா ரொம்ப மெல்லிசு வேணாம், கொடுவா செவுள் ஓரம் பிளேடு. ஒரு மீன் ஏறுனதும் லீடர விரலால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா அந்த ஒரு சாண வெட்டிட்டு மறுபடி முடிச்சு போடுங்க. மன்னார் வளைகுடாவுல இருக்குற 21 தீவுப் பக்கமும் போயிராதீங்க, 1986ல இருந்தே தேசியப் பூங்கா.

பழைய_தூண்டி:
எதுக்குப்பா இம்புட்டு பஞ்சாயத்து. மழை பெஞ்சு ஆத்துத்தண்ணி கடல்ல சேர்ற எடத்துல உசுரு எறாலப் போடு. கொம்புக்குக் கீழ குத்து, தலைக்குள்ள கருப்பாத் தெரியுறதுல பட்டா செத்துரும். ஒன்னு, பெருங்கொடுவா பெரும்பாலும் பொட்டை, ஆணா இருந்துதான் பெருசானதும் பொட்டையா மாறும். சினையோட வந்தா விட்டுருங்க.

முகவை_ராடு:
நன்றிண்ணே. உசுரு எறாலுக்கு வாளி தூக்கிட்டு அலைய முடியாது பெரியவரே 😀 வீட்லெஸ் ஹூக்கு இப்ப இல்ல, இருக்குற மின்னோவ வச்சு ஓட்ட முடியுமா?

தொண்டிக்காரன்:
ஓட்டலாம். வயித்துல இருக்குற மூணு முனை முள்ள கழட்டிரு, வாலுல ஒத்த முள்ளு மேல பாத்த மாதிரி மாட்டு. எடை கொறையுறதால மெதப்பு மாறும், போறதுக்கு முன்னாடி வாளித்தண்ணில போட்டுப் பாரு, சாஞ்சு மெதந்தா கொஞ்சம் கனமான முள்ளு போடு.