அம்மாவின் சேமலாப நிதியும் தங்கையின் படிப்பும்: அரசாங்க டிப்ளோமாவா, தனியார் கல்லூரியா?

கேள்வி – லிந்துலை அண்ணன்

எனது தங்கை தமிழ்மொழி மூலம் வர்த்தகப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதி மூன்று பாடங்களிலும் சித்தியடைந்துள்ளார். இது அவரது முதலாவது முயற்சி. ஆயினும் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்காகத் தரப்படுத்திக் கணிக்கப்படும் புள்ளி) நுவரெலியா மாவட்ட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டதால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. கண்டியிலுள்ள உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பாடசாலையில் கூறினார்கள். இதற்கிடையில், தனியார் கல்லூரி ஒன்றின் பிரதிநிதிகள் ஹட்டனில் கருத்தரங்கு நடத்தி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிக முகாமைத்துவப் பட்டத்தை மூன்றே ஆண்டுகளில் பெற்றுத் தருவதாக உறுதியளித்துள்ளனர். அம்மா 55 வயதில் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெறவிருக்கிறார். அவருக்குக் கிடைக்கும் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் தவிர எங்களிடம் வேறு கையிருப்பு இல்லை. பட்டம் என்றால்தான் மதிப்பு என்று உறவினர்கள் வற்புறுத்துகின்றனர். அனுபவமுள்ளவர்களின் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

பதில் 1 – கம்பளை கணக்காளர்

தம்பி, நான் அந்த டிப்ளோமாவை முடித்துவிட்டு இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். 1995 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசாங்க நிறுவகம் என்பதால், முழுநேர மாணவரிடம் பாடநெறிக் கட்டணம் அறவிடப்படுவதில்லை. உங்கள் தங்கைக்கு உண்மையான செலவு கண்டியில் அறை வாடகையும் சாப்பாடும்தான்.

இரண்டு விடயங்களை மட்டும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். முதலாவது, இது பட்டம் அன்று. கணக்கியல் டிப்ளோமாவை வணிகமாணிப் பட்டத்துக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று கோரி 2015 ஒக்டோபரில் மாணவர்கள் கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்து பொலிஸாரின் தடியடிக்கு உள்ளானது பலருக்கும் நினைவிருக்கும். இரண்டாவது, விரிவுரைகள் அனைத்தும் ஆங்கிலத்தில்தான் நடைபெறும். எங்கள் வகுப்பில் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்தவர்களில் சிலர் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருந்தும், வினாத்தாளின் மொழி புரியாமல் முதலாம் ஆண்டிலேயே திணறினார்கள். பெறுபேறு வந்த நாளிலிருந்து வகுப்புத் தொடங்கும் வரையுள்ள மாதங்களை ஆங்கிலத்துக்கு ஒதுக்கினால் இந்த இடர் பெருமளவு குறையும்.

பதில் 2 – ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை

கருத்தரங்கில் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தப் பட்டத்தை யார் அங்கீகரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டது" என்ற விளம்பரப் பலகையை நம்பிப் பணம் கட்டியவர்களை நான் நிறையவே கண்டிருக்கிறேன். அந்தப் பதிவு பல வேளைகளில் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான வெறும் வியாபாரப் பதிவாகவே இருக்கும்; கல்வித் தரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு அதைவிடப் பெறுமதியானது என்றாலும், அது தொழிற்கல்விச் சான்றிதழ்களுக்கும் டிப்ளோமாக்களுக்கும் உரியதே தவிரப் பட்டத்துக்குரியதன்று. உள்நாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்று தானே பட்டம் வழங்குவதாயின், 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின்படி வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாயின், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் வாங்கி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நீங்களே விசாரியுங்கள். பெயரை எழுத்தில் தரத் தயங்கும் கல்லூரியைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உரியது. 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், 30 வருட உழைப்புக்கு 5,67,000 ரூபாய் வரும். கொழுந்துக் கூடையைச் சுமந்து தேடிய அந்தப் பணத்தை முதல் தவணைக் கட்டணமாக எவரிடமும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அம்மாவின் முதுமைக்கும் அதுவே ஆதாரம்.

பதில் 3 – நாவலப்பிட்டி வாசகி

மேலே எழுதியவர்களுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் தனியார் கல்லூரி என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் சரியன்று. என் உறவுக்காரப் பெண் ஒருத்தி முறையான அங்கீகாரமுள்ள தனியார் நிறுவனத்தில் படித்து, ஆங்கிலத்தில் தடுமாறியபோது அங்கேயே தனி வகுப்புப் பெற்று, இன்று நல்ல வேலையில் இருக்கிறாள். அவளுடைய தகப்பன் கடை வைத்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் கட்டணம் உயர்ந்தபோது அவரால் சமாளிக்க முடிந்தது, தோட்டக் குடும்பத்தால் முடிந்திருக்காது.

ஒருவரும் குறிப்பிடாத இன்னொரு வழியும் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரத்துக்கு மூன்று முறை தோற்றலாம். நுவரெலியா மாவட்டம் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டிலும் அடங்குகிறது. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற பிள்ளை இரண்டாம் முறை எழுதாமலிருப்பது வீண். டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்துக்கொண்டே பரீட்சைக்கும் ஆயத்தமாகலாம்.

லிந்துலை அண்ணன்

மூவருக்கும் மிக்க நன்றி. கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்து, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுத்தில் அனுப்புமாறு கேட்டேன். சலுகைக் கட்டணம் வெள்ளிக்கிழமையுடன் முடிவடைகிறது, முற்பணத்துடன் நேரில் வாருங்கள் என்பதே பதிலாகக் கிடைத்தது. தங்கை மீண்டும் பரீட்சை எழுதச் சம்மதிக்கிறாள். ஆனால், இரண்டாம் முயற்சியின் பெறுபேறு வரும்போது டிப்ளோமா வகுப்பு தொடங்கியிருந்தால் என்ன செய்வது?

கம்பளை கணக்காளர்

அந்தக் கல்லூரி தன் பதிலைத் தந்துவிட்டது, தம்பி. டிப்ளோமாவில் சேர்ந்தபின் பல்கலைக்கழகம் கிடைத்து விலகிச் சென்றவர்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். கட்டணம் கட்டாத படிப்பு என்பதால் அவர்களுக்கு அது பெரிய நட்டமாகவும் இருக்கவில்லை. விலகுவதானால் பதிவை முறையாக எழுத்தில் இரத்துச் செய்து, மூலச் சான்றிதழ்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.