அண்ணரின் .303 துவக்கை .308 ஆக மாற்றலாமா?

முத்தையன்கட்டு:
வணக்கம். என் பெரியண்ணர் கனடாவில், ஒன்ராறியோவில் இருக்கிறார். அனுமதிப்பத்திரம் எடுத்து முறையாக மான் வேட்டைக்குப் போகிறவர். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பழைய இராணுவ லீ என்பீல்ட் துவக்கு வாங்கினார். நம்பர் 4 வகை. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்தது, இரும்பில் 1943 என்று அடித்திருக்கிறது. அவர் போகும் கடையில் .303 தோட்டா விலை கூட, பல நாள் இருப்பதும் இல்லை. .308 எப்போதும் கிடைக்கிறதாம். அதனால் குழலைக் கழற்றி .308 குழல் போடப் போகிறேன் என்று நிற்கிறார். அப்பா ஒட்டுசுட்டானில் முப்பது வருடம் லேத் வேலை செய்தவர். தொலைபேசியில் கேட்டதும் "அதில் கை வைக்காதே" என்றார். காரணம் சொல்லவில்லை. இரண்டு பேரும் பத்து நாளாகக் கதைப்பதில்லை. இரும்பு தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், என்ன சொல்கிறீர்கள்?

வவுனிக்குளத்தான்:
தாராளமாக மாற்றலாம் தம்பி. இராணுவங்களே மாற்றியவைதான். பிரித்தானியர் இதே நம்பர் 4 உடம்பில் புதிய தடித்த குழல் போட்டு 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். எல் 42 ஏ 1 என்று 1970 இல் இருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள் பல வருடம் வைத்திருந்தது அதுதான். இந்தியாவில் இஷாப்பூர் தொழிற்சாலை 1960களில் லீ என்பீல்டையே 7.62 இல் செய்தது. இஸ்ரேல் பழைய ஜெர்மன் மவுசர்களுக்கு 7.62 குழல் போட்டு, பிடியில் அந்த எண்ணைப் பெரிதாகச் சுட்டு எழுதியது. .308 உம் 7.62 நேட்டோவும் கிட்டத்தட்ட ஒன்று. வேலை தெரிந்த துவக்குத் திருத்துநர் செய்தால் பயம் இல்லை. துவக்கு வேட்டைக்குத்தான், தோட்டா இல்லாமல் சுவரில் தொங்குவதற்கு இல்லை.

கடைச்சல்காரன் கிளிநொச்சி:
அண்ணை, நீங்கள் சொன்ன மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல் 42 க்கு எடுத்தது கண்ட கண்ட துவக்கு இல்லை. குறிபார்ப்பதற்கென்று முன்பே தெரிந்தெடுத்த நம்பர் 4 களின் உடம்பு. இஷாப்பூர்க்காரர் பழையதை மாற்றவில்லை, இரும்பையே உறுதியானதாக மாற்றிப் புதிதாகச் செய்தார்கள். பத்துத் தோட்டா பெட்டிக்குப் பதிலாகப் பன்னிரண்டு பிடிக்கும் பெட்டியும் போட்டார்கள். மவுசரின் கதை வேறு. அதன் போல்ட், அதாவது தோட்டாவைப் பின்னால் அடைத்துப் பூட்டும் உருளை, முன்பக்கத்தில், தோட்டாவுக்கு ஒட்டிப் பூட்டும். லீ என்பீல்ட் பின்பக்கத்தில் பூட்டும். வெடிக்கும்போது அந்த நீளம் முழுவதும் உதை வாங்கும், போல்ட் ஒடுங்கும், உடம்பு ஒரு மயிரிழை இழுபடும். ஒவ்வொரு வெடிக்கும் இது நடக்கும்.

அழுத்தக் கணக்கையும் பாருங்கள். ஐரோப்பிய அளவில், பார் என்ற அழுத்த அலகில், .303 க்கு உச்சம் 3650 பார், .308 க்கு 4150 பார். ஏழில் ஒரு பங்கு கூட. எண்பது வருடம் கடந்த இரும்புக்கு அந்தச் சுமையை ஏற்றுவது சும்மா விஷயம் இல்லை.

வவுனிக்குளத்தான்:
பார்க் கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. இந்த இராணுவத் துவக்குகள் உச்ச அழுத்தத்துக்கு மேலே வெடித்துச் சோதித்துத்தான் முத்திரை வாங்கின. எல் 42 பழைய உடம்பில்தான் இருபது வருடம் ஓடியது. பழையது என்பதற்காக வேண்டாம் என்றால் இரணைமடுக் குளக்கட்டையும் நம்பக்கூடாது. சரியாகப் பரிசோதித்தால் சரி.

நெடுங்கேணி ரீச்சர்:
நான் இரும்பு பற்றிச் சொல்ல வரவில்லை. 1943 என்று அடித்த ஒரு பொருள் அப்படியே கைக்கு வந்திருக்கிறது. வெட்டி மாற்றினால் அது பிறகு எந்த விலைக்கும் திரும்ப வராது. கனடாவின் வடக்கில் ரேஞ்சர்கள் என்ற படைப்பிரிவு 1947 இல் இருந்து இதே நம்பர் 4 ஐ வைத்திருந்தது. பனியில் மற்றவை சிக்கும்போதும் அது வேலை செய்தது என்று விட மனமில்லாமல் இருந்தார்கள். கடைசியில் .308 தேவைப்பட்டபோது பழையதை மாற்றவில்லை, சி 19 என்று புதிய துவக்கு கொடுத்தார்கள். அந்த முடிவைத் தம்பியின் அண்ணர் யோசிக்கட்டும்.

எங்கள் ஐயாவிடம் பயிர் காவலுக்கு 12 துளைத் தோட்டாத் துவக்கு ஒன்று இருந்தது. எண்பதுகளில் வீட்டை விட்டுப் போய்விட்டது, திரும்பவில்லை. அதன் பிடியில் ஐயாவின் தாடை பட்டு வழுவழுப்பான ஓர் இடம் இருந்தது. எனக்கு அந்த இடம் இன்னும் கையில் தெரிகிறது.

கச்சான் தோட்டம் முள்ளியவளை:
இந்தக் கதை வந்ததால் கேட்கிறேன். பன்றி வந்து இரண்டு இரவில் அரை ஏக்கர் கச்சானைக் கிண்டிவிட்டது. இந்தியாவில் .303 ஐக் குறைத்து .410 ஆக மாற்றினார்களாமே, அப்படி இங்கே பழைய இரும்பு கிடைத்தால் செய்யலாமா?

கடைச்சல்காரன் கிளிநொச்சி:
கூடாது. இது பகிடி இல்லை, அதனால் நேராகச் சொல்கிறேன். இலங்கையில் 1916 இன் துவக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் குற்றம், செய்வதும் குற்றம். பயிர் காவலுக்கு வேண்டுமானால் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) விண்ணப்பித்து முறையாக எடுங்கள், வருடா வருடம் புதுப்பியுங்கள்.

நீங்கள் சொன்ன .410 உண்மைதான். காவலாளிகளுக்கும் பொலிசுக்கும் கொடுக்க, குழலுக்குள் இருந்த சுழல் வரிகளை அகற்றி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை மரக்கட்டையால் அடைத்து, ஒரு தடவைக்கு ஒரு தோட்டா என்று மாற்றினார்கள். அது அழுத்தத்தைக் கீழே இறக்கிய மாற்றம். அண்ணர் செய்ய நினைப்பது மேலே ஏற்றும் மாற்றம். அரசாங்கத் தொழிற்சாலை செய்ததை ஒரு பட்டறை செய்யக்கூடாது.

நான் ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று சொல்கிறேன். என் மாமா ஒருவர் தண்ணீர்க் குழாயில் செய்த கட்டுத்துவக்கைச் சோதிக்கப் போய் வலது கையின் மூன்று விரலை இழந்தார். வெடித்த குழாயை நான் பார்த்தேன். நுனி வாழைப்பூ மடல் விரிந்த மாதிரிப் பிளந்து, உட்பக்கம் நீலமாக எரிந்திருந்தது. அன்று என் வயது பதினொன்று. பட்டறை வைத்த நாளில் இருந்து துவக்குக் குழல் என்று யார் கொண்டு வந்தாலும் நான் லேத்தை ஓட்டுவதில்லை.

வவுனிக்குளத்தான்:
மாமாவுக்காக வருத்தம் தம்பி. ஆனால் தண்ணீர்க் குழாயும் தொழிற்சாலையில் செய்த துவக்கும் ஒன்று இல்லை. அண்ணர் இருப்பது சட்டமும் பரிசோதனைக் கருவியும் உள்ள நாட்டில். அங்கே தேர்ந்த ஆளிடம் போனால் போதும் என்கிறேன். இங்கே யாரும் செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை.

முத்தையன்கட்டு:
அண்ணரையே எழுதச் சொன்னேன். அடுத்தது அவருடையது.

ஒன்ராறியோ அண்ணர்:
எல்லோருக்கும் நன்றி. நான் பிடிவாதக்காரன் என்று தம்பி எழுதவில்லை, ஆனால் அப்படித்தான். குழல் மட்டும் மாற்றினால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். .303 க்கு அடியில் விளிம்பு இருக்கிறது, .308 க்கு இல்லை. அதனால் போல்ட் தலை, தோட்டாவைக் கவ்வி வெளியே இழுக்கும் பகுதி, பெட்டி எல்லாம் மாறவேண்டும். சன்னமும் வேறு அளவு. .303 இன் சன்னம் .311 அங்குலம், .308 பெயருக்கேற்ற மாதிரி .308. பழைய குழலில் அது தளர்ந்து போகும், குறியும் பிடிக்காது.

நேற்று துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் அளவுக் கோலைப் போட்டுப் பார்த்தார். நம்பர் 4 க்குப் போல்ட் தலை நான்கு அளவில் வரும், 0 இல் இருந்து 3 வரை. தோட்டா இருக்கும் அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடைவெளி கூடக் கூட, பெரிய எண் தலையைப் போடுவார்கள். எனதில் இருப்பது 3. அதற்கு மேலே எண் இல்லை. அவர் தலையைக் கழற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்து, அந்த எண்ணை விரலால் காட்டினார். வேறொன்றும் பேசவில்லை. யாரோ முன்பே இதை நிறையச் சுட்டிருக்கிறார்கள்.

வவுனிக்குளத்தான்:
3 என்றால் நானும் மாற்றச் சொல்லமாட்டேன். அந்த உடம்பு வேண்டாம். 1 இல் இருந்தால் என் கருத்து மாறாது.

கடைச்சல்காரன் கிளிநொச்சி:
1 இல் இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன் அண்ணை. ஆனால் அளந்த பிறகு கதைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நெடுங்கேணி ரீச்சர்:
இப்போது என்ன செய்யப் போகிறீர்கள் தம்பி? .303 ஆகவே சுடலாமா?

ஒன்ராறியோ அண்ணர்:
அளவு எல்லைக்குள்தான் இருக்கிறது, .303 ஆகச் சுடலாம், ஆனால் மிதமான தோட்டா மட்டும் போடச் சொன்னார். பழைய இராணுவத் தோட்டா போட்டால் அதே நாளில் குழலைச் சுடுநீரால் கழுவவும் சொன்னார். அதில் உப்புத் தங்கித் துரு பிடிக்குமாம். மானுக்கு வேறொரு .308 வாங்குகிறேன். இது வருடத்துக்கு ஒரு நாள் சுட்டுப் பார்ப்பதற்கு.

இன்று காலை அப்பாவுக்கு அழைத்தேன். போல்ட் தலை எண் 3 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "படம் எடுத்து அனுப்பு, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்போம்" என்றார்.