ஆர்பிஐயில் கை வைக்கும் முன்: பாலக்கோட்டுத் தம்பிக்கு

"பாலக்கோட்டிலிருந்து கனடாவின் ஒண்டாரியோ வந்து மூன்று வாரம் ஆகிறது அண்ணா. பேக்கிங் லைனில் பிஎல்சி (மெஷின்களை இயக்கும் கம்ப்யூட்டர்) வேலை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 24 ட்ரைவும் ஆர்பிஐ (பிஎல்சியும் கருவியும் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தகவல் பாக்கெட் அனுப்பிக்கொள்வது என்ற எண்) 20 மில்லிசெகண்டில் கிடக்கின்றன. 2 ஆக்கினால் லைன் இன்னும் சுறுசுறுப்பாகும் என்றேன். மேனேஜர் 'ஏன்?' என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோபமோ?"

கோபமெல்லாம் இல்லை தம்பி. நம்ம ஊரில் 'ஏன்' என்று ஆரம்பித்தால் அடுத்தது வசவுதான், அந்தப் பயம் உங்களுக்கு. இவர் கணக்கு கேட்கிறார், அவ்வளவுதான்.

நானும் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் இதையே செய்தவன். ஆனி மாதம், வாசலில் பெங்களூரா லோடு லாரிகள் வரிசை. பேனல் ஸ்கிரீன் மெதுவாக இருக்கிறது என்று நெட்வொர்க்கில் இருந்த 14 ஸ்டேஷனின் ஆர்பிஐயையும் 5 மில்லிசெகண்டுக்கு இறக்கிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். விடியற்காலையில் ஆபரேட்டர் போன்: "சார், டெம்பரேச்சர் அதே நம்பர்ல நிக்குது, ஸ்டீம் வால்வு மட்டும் ஆடுது."

கணக்கு சின்னதுதான். 5 மில்லிசெகண்ட் என்றால் விநாடிக்கு 200 பாக்கெட் போகும், 200 வரும். பதினாலு ஸ்டேஷனுக்கு 5600. அங்கே பிஎல்சியை நெட்வொர்க்கோடு இணைத்த பழைய 1756-இஎன்பிடி மாட்யூல் தாங்குவதோ விநாடிக்கு 5000. பாக்கெட்டே மாட்யூலைத் தின்றுவிட்டால் ஸ்கிரீனுக்குப் பதில் சொல்ல அதற்கு நேரம் ஏது? இத்தனைக்கும் ஸ்டெரிலைசர் வெப்பம் மில்லிசெகண்டில் மாறுவதில்லை. வெப்பத்தை அளக்கும் ஆர்டிடி மாட்யூல் தன் கணக்கில்தான் புது மதிப்பு எடுக்கும். காலையில் கறந்த மாட்டை மறுபடி மறுபடி கறந்தால் சொம்பு நிறையுமா?

உங்கள் ட்ரைவுகள் இப்போது 2400 பாக்கெட். 2 ஆக்கினால் 24,000. அடுத்த தலைமுறை மாட்யூலான 1756-இஎன்2டி ஆக இருந்தாலும், அதற்குள் இருக்கும் மென்பொருள் பழைய பதிப்பு என்றால் எல்லை 10,000 தான், அதிலும் பத்தில் ஒரு பங்காவது ஸ்கிரீனுக்கும் புரோகிராம் பார்ப்பதற்கும் விட வேண்டும். ஸ்கேன் டைமையும் பாருங்கள்: புரோகிராம் ஒரு சுற்று வர 15 மில்லிசெகண்ட் என்றால் நடுவில் வந்த மதிப்புகளை யார் பார்க்கப் போகிறார்கள்? 50 மில்லிசெகண்டுக்குள் தெரிய வேண்டிய விஷயத்துக்கு 25 போடுங்கள், போதும்.

அதற்காக எல்லாவற்றையும் 500க்கு ஏற்றிவிடாதீர்கள். அந்த அளவில் ஆர்பிஐயைப் போல நாலு மடங்கு நேரம் பாக்கெட் வராவிட்டால்தான் கனெக்ஷன் போனதாக எடுத்துக்கொள்ளும். 500 என்றால் கேபிள் அறுந்தது தெரியவே 2 விநாடி ஆகும்.

"சரி அண்ணா, மேனேஜருக்கு என்ன எழுத?"

மாட்யூலின் ஐபி முகவரியை ப்ரௌசரில் அடித்தால் டயக்னாஸ்டிக்ஸ் பக்கம் வரும். லைன் முழு வேகத்தில் ஓடும்போது சிபியு (மாட்யூலின் வேலைப்பளு) எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய எண், மாற்ற நினைக்கும் எண், காரணம், சரிப்படாவிட்டால் பழையதற்குத் திரும்பும் வழி: நாலு வரி போதும். ஆர்பிஐ மாற்றினால் கனெக்ஷன் ஒருமுறை விட்டு வரும், ஆகவே லைன் நிற்கும் நேரம் கேட்டு வாங்குங்கள். சேஃப்டி மாட்யூல் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அங்கே அந்த எண் எமர்ஜென்சி ஸ்டாப் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும் என்பதையே மாற்றும், முழுதாகச் சோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டிய சமாசாரம்.

அப்புறம் இன்னொன்று. மெயில் அடியில் 'இன்ஜினியர்' என்று போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒண்டாரியோவில் உரிமம் வாங்கியவர்தான் அப்படிப் போடலாம். கனடாவில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023ல் எடுத்துவிட்டார்கள், அதனால் காத்திருக்காமல் விண்ணப்பியுங்கள். காலேஜிலிருந்து மார்க் ஷீட் விவரம் வர நாளாகும். அப்பாவை இந்த வாரமே ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.