காஸ் (cosine) ஏன் இரண்டு முறை வருகிறது? கடலூருக்கு ஜி கணக்கு இடிக்கிறது

கெடிலக்கரை மாணவி:
வணக்கம். பிளஸ் ஒன்னில் ஈர்ப்பியல் பாடம் போய்க்கொண்டிருக்கிறது. பூமி சுழல்வதால் புவியீர்ப்பு முடுக்கம் ஜி எவ்வளவு குறைகிறது என்று எங்கள் ஊருக்கே போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். கடலூர் 11.75 டிகிரி வடக்கு. பூமியின் ஆரம் 6,378 கி.மீ., கோணத் திசைவேகம் (ஒமேகா) விநாடிக்கு 0.00007292 ரேடியன். நம் ஊர் அச்சைச் சுற்றிப் போகும் வட்டத்தின் ஆரம், பூமியின் ஆரம் × காஸ் 11.75. அதை ஒமேகா ஸ்கொயரால் பெருக்கினால் 0.0332 மீ/வி². ஆனால் ஜி குறைவதற்கான சூத்திரத்தில் (ஒமேகா ஸ்கொயர் × பூமியின் ஆரம் × காஸ் ஸ்கொயர்) காஸ் ஸ்கொயர் இருக்கிறது, அதன்படி 0.0325. ஆரத்துக்கு ஒரு காஸ் போட்டாயிற்று, இன்னொன்று எங்கிருந்து வந்தது? கையில் இருக்கும் கைடில் படமே இல்லை, நேராகச் சூத்திரம்தான்.

முத்தியால்பேட்டை:
கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பார் தங்கச்சி. பாதிப் பேருக்கு அங்கேதான் தப்பும்.

கெடிலக்கரை மாணவி:
டிகிரிதான் அண்ணா. காஸ் 11.75 = 0.979 வருகிறது. ரேடியனில் வைத்தால் 0.685 ஆகிவிடுகிறது.

பாகூர் ஆசிரியர்:
கால்குலேட்டர் சரி, 0.0332-ம் சரி. அது நம் ஊரின் மையநோக்கு முடுக்கம். ஆனால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று பாரம்மா, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தாளில் பெரிய வட்டம் போடு. நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, அது அச்சு. குறுக்கே ஒரு கோடு, அது நிலநடுக்கோடு. இப்போது வலப்பக்கம், நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே கடலூருக்கு ஒரு புள்ளி வை. அங்கிருந்து இரண்டு கோடு இழு. ஒன்று பூமியின் மையத்துக்கு, ஈர்ப்பு விசை அந்தப் பக்கம். மற்றொன்று நேர் கிடையாக அச்சுக்கு. நம் ஊர் சுற்றும் வட்டத்தின் மையம் அச்சின்மேல்தான் இருக்கிறது, பூமியின் மையத்தில் இல்லை. ஆகவே உன் 0.0332 இந்த இரண்டாவது கோட்டின் வழியாகப் போகிறது.

இந்தக் கிடைக்கோடு நிலநடுக்கோட்டுக்கு இணை. எனவே இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட கோணம் அதே 11.75 டிகிரி, ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே படித்த ஒன்றுவிட்ட கோணங்கள்தான். ஜி-யிலிருந்து எதையாவது கழிக்க வேண்டுமென்றால் அது ஜி-யின் திசையில் இருக்க வேண்டும். எனவே 0.0332-இல் அந்தத் திசையில் விழும் பங்கை, அதாவது கூறை எடு: 0.0332 × காஸ் 11.75 = 0.0325. முதல் காஸ் வட்டத்தைச் சிறிதாக்கியது, இரண்டாவது காஸ் திசையைத் திருப்பியது. இரண்டும் வேறு வேறு வேலை.

நம் பக்கம் நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. 60 டிகிரிக்குப் போட்டுப் பார், கால்குலேட்டரே வேண்டாம். வட்டம் பாதி, அதில் மையத்தை நோக்கிய கூறு மறுபடி பாதி. ஆக நிலநடுக்கோட்டில் குறைவதில் கால் பங்குதான் அங்கே குறையும். ஒரே காஸ் என்றால் பாதி வந்திருக்கும். இந்தப் படத்தை ஒரு முறை கையால் போட்டவர்களுக்கு மனப்பாடம் தேவையே இல்லை. சூத்திரத்துக்கு முன்னால் படத்தைப் போட வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

கெடிலக்கரை மாணவி:
புரிந்துவிட்டது ஐயா, படம் போட்டதும் இரண்டு கோணமும் தெரிந்தன. அப்புறம் 9.8-லிருந்து 0.0325-ஐக் கழித்தால் 9.77 வருகிறது. ஆனால் நம் பக்கம் கடல்மட்டத்தில் ஜி சுமார் 9.78 என்கிறார்களே?

முத்தியால்பேட்டை:
9.8 என்பது சுழலாத பூமியின் ஜி இல்லை. சுழற்சியின் விளைவு அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, மறுபடி கழிக்கக் கூடாது. துருவத்தில் சுழற்சியால் எதுவும் குறையாது, அங்கே 9.832. அதிலிருந்து கழி.

பாகூர் ஆசிரியர்:
தம்பி சொன்னது சரி. அப்படிக் கழித்தாலும் 9.80தான் வரும், மிச்சம் 0.017 அளவுக்கு இடிக்கும். பூமி சரியான கோளமாக இல்லாததால் வருவது அது. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357. 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்கு ஊசல் கடிகாரம் கொண்டுபோனார். நிலநடுக்கோட்டுக்குக் கிட்டே ஜி குறைவு என்பதால் அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் போல மெதுவாக ஓடியது, ஊசலின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. நியூட்டன் பூமியின் வடிவத்தைப் பற்றி வாதிடும்போது இந்த அளவீட்டை எடுத்துக்கொண்டார்.

கெடிலக்கரை மாணவி:
கடைசியாக ஒன்று. மையத்தை நோக்கி காஸ் கூறு என்றால், சைன் கூறு என்ன ஆகிறது?

பாகூர் ஆசிரியர்:
நல்ல கேள்வி. நாம் பூமியோடு சேர்ந்து சுழல்வதால், அது நமக்குத் தெற்கே தள்ளும் மையவிலக்குக் கூறாக வரும்: 0.0339 (நிலநடுக்கோட்டில் வரும் அளவு) × சைன் × காஸ், நம் ஊருக்கு 0.0068 மீ/வி². கொத்தனார் தொங்கவிடும் தூக்குக்குண்டு பூமியின் மையத்தை நேராகக் காட்டாது; பூமியைக் கோளமாக வைத்துக் கணக்கிட்டால் மீட்டர் நூலுக்கு 0.7 மி.மீ. தெற்கே விலகி நிற்கும். அதனால் சுவர் சாயாது. தேவனாம்பட்டினத்துக் கடலின் மட்டமும் அந்த நூலுக்குச் செங்குத்தாகத்தான் அமைந்திருக்கிறது, ரசமட்டமும் அதைத்தான் காட்டும். தேர்வில் ஜி குறைவதைக் கேட்டால் காஸ் கூறை மட்டும் எழுது. படத்தில் இரண்டு கூறுக்கும் அம்புக்குறி போட்டுவிடு.