குட்டி ஃபிளாக் புக் மூடி நிற்க மாட்டேன் என்கிறது, அட்டையும் வளைகிறது. உதவி தேவை

பவானி (கேள்வி):

ஜமக்காளப் பட்டைகளின் நிறங்களை வைத்துக் கையாலேயே ஒரு குட்டிப் புத்தகம் செய்துகொண்டிருக்கிறேன். மூடினால் 60 மி.மீ. உயரம், 45 மி.மீ. அகலம். ஃபிளாக் புக் முறை. முதுகுக்கு ஒரு தாளை விசிறி மடிப்பாக மடித்திருக்கிறேன். ஒவ்வொரு மடிப்பு முனையிலும் மூன்று வரிசையாகச் சின்னக் கொடிகள் ஒட்டியிருக்கிறேன். மேல் வரிசையும் கீழ் வரிசையும் மடிப்பின் ஒரு பக்கம், நடு வரிசை மறுபக்கம். இரண்டு அட்டைகளையும் பிடித்து இழுத்தால் நடுக் கொடிகள் ஒரு திசையிலும் மற்றவை எதிர்த்திசையிலும் நகர்ந்து, எல்லாப் பட்டைகளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். தைத்துக் கட்டிய புத்தகத்தில் ஒரு பட்டையைப் புரட்டிய பிறகுதான் அடுத்தது வரும். எனக்கு நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

மூன்று பிரச்சினை. மூடினாலும் தானாக விரிந்துகொள்கிறது, மடிப்பு முனைகள் வெள்ளை வெள்ளையாக வெடித்திருக்கின்றன. நடு வரிசைக் கொடிகள் மேலும் கீழும் உரசி மாட்டுகின்றன. மேல் அட்டைகளின் ஓரம் வெளிப்பக்கமாகத் தூக்கிக்கொள்கிறது.

முதுகுக்குப் போட்டது கல்யாணப் பத்திரிகைக்கு வாங்குகிற 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை. கொடிகள் 40 மி.மீ. நீளம், ஃபெவிகாலில் ஒட்டியவை. மேல் அட்டைக்குக் கைத்தறித் துணியை மைதா பசையில் நேராக ஒட்டினேன். கொடிகளை மட்டும் எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அப்பா தறியில் மிஞ்சிய நூல்களைப் பக்கத்தில் வைத்து, நிறம் ஒத்துப்பார்த்து வாட்டர் கலரில் வரைந்தவை அவை. அந்த நூல்களில் பாதி இப்போது கையில் இல்லை.

ஈரோடு பைண்டிங்:

அம்மிணி, முதுகை மாற்றியே ஆகணும். அந்த அட்டை கனம் அதிகம், அதோடு கிரெயினும், அதாவது தாளின் நார்கள் படுத்திருக்கிற திசையும், குறுக்கே போயிருக்கும். கிரெயினுக்குக் குறுக்கே மடித்தால்தான் இப்படி வெடிக்கும், திரும்ப நிமிரும். பெரிய நோட்டுப் புத்தகத்தில் அட்டையின் எடையே அதை அமுக்கி வைத்துவிடும். உங்க புத்தகத்தில் அந்த எடை ஏது?

கனத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஆறு மடிப்பு முனை என்றால் முதுகுப் பக்கம் பன்னிரண்டு அடுக்கு. 300 ஜி.எஸ்.எம். ஒரு தாள் சுமார் 0.4 மி.மீ., பன்னிரண்டுக்கு ஏறக்குறைய 5 மி.மீ. திறக்கிற பக்கம் கொடிகளின் கனம் மட்டும்தான். 120 ஜி.எஸ்.எம். போட்டால் முதுகு 2 மி.மீ. அளவில் நின்றுவிடும்.

பவானி:

கிரெயின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பதுங்க? கடையில் கேட்டால் தெரியாது என்கிறார்கள்.

புகளூர்:

எங்க ஊர் ஆலையில் கரும்புச் சக்கைக் கூழில் காகிதம் செய்கிறார்கள். கூழ் ஓடுகிற வலையின் மேல் இறங்கும்போது நார்களில் பெரும்பகுதி வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடும். அதுதான் கிரெயின். ஈரம் பட்டால் ஒவ்வொரு நாரும் நீளத்தில் கொஞ்சமும் பருமனில் அதிகமும் ஊதும். அதனால் தாள் கிரெயினுக்குக் குறுக்கே பல மடங்கு விரியும்.

கண்டுபிடிக்கச் சதுரமாக ஒரு துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்க. அது குழல் மாதிரி சுருளும். குழலின் நீளம் எந்தத் திசையோ அதுதான் கிரெயின். கிழித்தும் பார்க்கலாம், கிரெயினோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். கடையில் கிடைக்கிற ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் கிரெயின். அதைப் பாதியாக மடித்தால் மடிப்பு கிரெயினுக்குக் குறுக்கே விழும். குட்டிப் புத்தகம் செய்பவர்கள் பலரும் ஏ4-இல் ஆரம்பிப்பதால் இதைச் சொல்கிறேன். சட்டத்தைக் கையில் அசைத்து எடுக்கிற கைத்தாளில் நார்கள் பல திசையிலும் கிடக்கும், கிரெயின் தொந்தரவு ரொம்பக் குறைவு.

சென்னிமலை தறி:

அக்கா, துணிக்கும் பாவு (நீளவாக்கு இழை), ஊடை (குறுக்கிழை) பார்க்கணும். பாவு விறைப்பாக இழுத்துக் கட்டி நெய்தது, ஊடை அளவுக்கு அது இழுபடாது. பாவு முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடட்டும். பசையைத் துணியில் நேராகத் தடவினால் இழை இடுக்கில் புகுந்து வெளியே கறை தட்டும். முதலில் துணியின் பின்பக்கம் மெல்லிய தாள் ஒன்றை ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டி அட்டைக்குப் போடுங்க. ஜமக்காளத் துண்டையே சுற்றலாமா என்று ஒருவேளை யோசித்தால், வேண்டாம். இந்த அளவுக்கு அது ரொம்பத் தடிப்பு, மூலை மடியாது.

கோவை ஓவிய ஆசிரியர்:

இந்த அமைப்பை 1970களின் கடைசியில் உருவாக்கியவர் ஹெடி கைல். அவர் நூல் பாதுகாப்பாளர். இதில் ஒவ்வொரு கொடியும் தனித்தனியாக ஒட்டியது, தனியாக வெட்டி எடுத்து மாற்ற முடியும். ஆகவே கொடிகளைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஃபெவிகால் காய்ந்த பிறகு தண்ணீருக்கு எளிதில் விடாது. ஈரம் காட்டினால் வாட்டர் கலர்தான் கரையும். ஒட்டிய இடத்தை ஒட்டி, புதிய பிளேடால் கொடியை நேராக வெட்டி எடுங்கள். 4 மி.மீ. போகும். கொடியின் பின்னால் மெல்லிய தாளில் ஒரு பட்டை ஒட்டி, இழந்த நீளத்தை அதில் கொடுத்துவிடுங்கள். அந்தப் பட்டைதான் இனி முதுகில் ஒட்டப்போகிறது, படம் வெளியே முழுதாகத் தெரியும். புது முதுகில் ஒட்டும்போது டபுள் டேப் (இரு பக்கமும் ஒட்டும் டேப்) போடலாம், ஈரமே கிடையாது.

உரசலுக்குக் காரணம் இடைவெளி. 60 மி.மீ. உயரத்தில் கொடி ஒவ்வொன்றும் 18 மி.மீ., வரிசைகளுக்கு நடுவே 2 மி.மீ., மேலும் கீழும் 1 மி.மீ. விட்டால் சரியாக வரும். உங்கள் கொடிகள் எவ்வளவு?

பவானி:

19.5 மி.மீ. வைத்திருக்கிறேன். பட்டைகள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால்தான் ஜமக்காளம் போல இருக்கும் என்று நினைத்தேன்.

கோவை ஓவிய ஆசிரியர்:

அந்த எண்ணம் சரியானதுதான். ஆனால் நகர்கிற தாளுக்கு வழி வேண்டும். கொடியின் மேல் ஓரத்தில் 0.75, கீழ் ஓரத்தில் 0.75 வெட்டுங்கள். முதுகுத் தாளுக்கு அடர்ந்த நிறம் கொடுத்தால் இடைவெளி கண்ணுக்குப் பாவு நூல் போலத் தெரியும், ஓட்டை போலத் தெரியாது.

ஈரோடு பைண்டிங்:

அட்டை வளைவதற்கு வருகிறேன். பசை பட்ட துணி காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். வெளியே மட்டும் ஒட்டினால் ஓரம் வெளியேதான் தூக்கும். உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டி எதிர் இழுப்புக் கொடுக்கணும், அதன் கிரெயினும் மேலிருந்து கீழே. துணிக்கு உள்ளே இருக்கிற மில் போர்டின் (கெட்டி அட்டையின்) கிரெயினும் அப்படியே. இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்க, சுலபமாக வளைகிற மடிப்புக்கோடு கிரெயினுக்கு இணையாக இருக்கும்.

மைதா பசையைக் கெட்டியாகக் காய்ச்சுங்க, பூச்சி வராமல் இருக்கக் கொஞ்சம் துருசு (காப்பர் சல்பேட்) சேர்ப்பது பட்டறை வழக்கம், கையில் ஒட்டினால் கழுவிவிடுங்க. மெல்லிசாகத் தடவி, இரண்டு பக்கமும் மைஒற்றுத்தாள் வைத்து, எடை ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்க. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஆடி மாசத்தில் ஜன்னலோரம், ஃபேனுக்குக் கீழே என்று எங்கேயும் வைக்காதீங்க. ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் எந்தப் பசையானாலும் வளையும்.

அப்புறம் இன்னொன்று. படம் வரைந்த கொடிகளைத் தொடும் முன் வெற்றுத்தாளில் அதே அளவில் ஒரு மாதிரி செய்துவிடுங்க.

பவானி:

மாதிரி செய்து பார்த்தேன். 120 ஜி.எஸ்.எம். அரக்கு நிறத் தாள், கிரெயின் மடிப்புக்கு இணை. மூடி வைத்தால் மூடியே இருக்கிறது. ஸ்பூனின் முதுகால் மடிப்பைத் தேய்த்ததில் ஒரு இடமும் வெடிக்கவில்லை. 18 மி.மீ. கொடிகள் தடையில்லாமல் ஓடுகின்றன, ஆசிரியர் சொன்னது போல அரக்கு இடைவெளி பாவு போலவே தெரிகிறது. எல்லாருக்கும் நன்றிங்க. அட்டைகளை உள்தாளோடு திரும்பச் செய்கிறேன். இதற்கு ஒரு உறை செய்யலாம் என்று இருக்கிறேன், உள் அளவு எவ்வளவு விடுவது?

ஈரோடு பைண்டிங்:

உயரத்தில் 1 மி.மீ., கனத்தில் 1 மி.மீ. கூட. துணி போர்த்திய பிறகு புத்தகத்தை அளந்துவிட்டுத்தான் உறை வெட்டணும் கண்ணு, துணியும் பசையும் சேர்ந்து அளவு ஏறிவிடும்.