ஆழ்ந்த பேஸ் வேண்டும்: ஆம்ப்ளிஃபையரை மாற்றவா, நாற்காலியை நகர்த்தவா?

புதுச்செவி:
என் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். 5 அங்குல வூஃபர் (தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் கூம்பு) கொண்ட இரண்டு ஸ்பீக்கர்களும் 50 வாட் ஆம்ப்ளிஃபையரும் வைத்திருக்கிறேன். குரலும் வயலினும் அருமை. பேஸ் கிதாரில்தான் குறை. சில சுரங்கள் காது அடைக்க முழங்குகின்றன, அடியாழச் சுரங்களோ காணாமல் போகின்றன. 150 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால் சரியாகுமா?

அறைவாசி:
வாங்காதீர்கள். வாட் மூன்று மடங்கானால் கூடுவது ஏறத்தாழ 5 டெசிபல், அதுவும் எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவில். முழங்குவது இன்னும் முழங்கும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். முதலில் ஸ்பீக்கர் கம்பிகளைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தாலே இரண்டு ஸ்பீக்கர்களின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். நீங்கள் அறையில் எங்கே உட்காருகிறீர்கள்?

புதுச்செவி:
கம்பிகள் சரியாகவே இருக்கின்றன. ஸ்பீக்கர்கள் 3 மீட்டர் சுவர் ஒன்றின் ஓரம். நான் நீளவாட்டில் சரியாக நடுவில்.

அறைவாசி:
அங்கேதான் சிக்கல். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். 4 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்களுக்கிடையே 43 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 43 அதிர்வுகள்) ஒரு நிலை அலை, அதாவது இடம் பெயராமல் நின்று அதிரும் அலை, எழும். அறையின் நடுவில் அதன் அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யம். பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 82 ஹெர்ட்ஸை ஒட்டி, 86 ஹெர்ட்ஸில் எழும் அடுத்த அலைக்கு அதே இடம் உச்சம். அதனால்தான் ஒன்று தொலைகிறது, ஒன்று முழங்குகிறது. நாற்காலியை அரை மீட்டர் பின்னால் நகர்த்திக் கேளுங்கள்.

ஆழ்சுருதி:
ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! 5 அங்குல வூஃபர் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிந்துவிடும். சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே உரப்புக்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். 120 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் என்றால் 60இல் 4, 30இல் 16. அந்தச் சின்னக் கூம்பு எப்படித் தாங்கும்? அடியாழச் சுரங்களுக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர் வாங்குங்கள். 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் வைத்து, அதற்குக் கீழுள்ள சுரங்களை சப்வூஃபருக்கே பிரித்து விட்டால் இருக்கிற ஸ்பீக்கர்களின் சுமையும் இறங்கும், குரல்கூடத் தெளியும்.

அறைவாசி:
கூடம் இங்கே உண்மையிலேயே கோணல்தான், ஐயா. அதே நாற்காலியில் உட்கார்ந்தால் எவ்வளவு பெரிய சப்வூஃபரும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. சுரவாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் 43 ஹெர்ட்ஸை ஏற்றினால், எதிரொலித்து வந்து அதை அழிக்கும் அலையும் சேர்ந்தே ஏறும். ஆம்ப்ளிஃபையர் வியர்ப்பதுதான் மிச்சம்.

மெல்லொலி:
இருவரும் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டீர்கள்: எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார்? ஒலி குறையக் குறைய நம் காது தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் இழக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். நள்ளிரவில் மெதுவாக வைத்துக் கேட்பவர் பேஸைச் சிறிது ஏற்றிக்கொள்வதில் தவறே இல்லை.

புதுச்செவி:
பெரும்பாலும் மாலையில், நல்ல சத்தத்தில்தான் கேட்கிறேன். நேற்று நாற்காலியைப் பின்னால் நகர்த்தினேன். முழக்கம் நன்றாகக் குறைந்துவிட்டது. அடித் தந்தியும் இப்போது கேட்கிறது, செலவே இல்லாமல்.

ஆழ்சுருதி:
மகிழ்ச்சி. ஆனாலும் நீங்கள் கேட்பது பெரும்பாலும் அந்தத் தந்தியின் அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் 82 ஹெர்ட்ஸ் மேற்சுரத்தைத்தான். அடிச்சுரம் மெலிந்திருந்தாலும் மேற்சுரங்களைக் கொண்டு மூளை அதை ஊகித்துக்கொள்ளும். நெஞ்சில் அதிரும் 41 ஹெர்ட்ஸை உங்கள் ஸ்பீக்கர் முழுதாகத் தரவே முடியாது. அதை ஒருமுறை கேட்டவர் திரும்பிப் போகமாட்டார்.

அறைவாசி:
இதில் மறுக்க ஒன்றுமில்லை. நாற்காலியின் இடம் முடிவானபின் சப்வூஃபர் வரட்டும் என்பதே என் வாதம். வாட் மட்டும் வேண்டாம்.

புதுச்செவி:
நண்பரிடம் ஒரு சப்வூஃபர் இருக்கிறது. வாங்குவதற்கு முன் அதை இரவல் வாங்கிப் பார்க்கிறேன். மூலையில் வைக்கலாமா?

அறைவாசி:
முதலில் அதை நாற்காலி இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒரே பாடலை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே எல்லாச் சுரங்களும் சமமாகக் கேட்கின்றனவோ, சப்வூஃபரின் இடம் அதுதான். பிறகு சப்வூஃபரில் உள்ள அலைக்கட்டப் (phase) பொத்தானை 0, 180 என மாற்றி, நாற்காலியிலிருந்து எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள்.