1966 மஸ்டாங் ஆறு சிலிண்டர்: நாலு போல்ட்டை அஞ்சு போல்ட் + டிஸ்க் ஆக்க, எந்த உறவுக்கார வண்டியில் எதை எடுக்கலாம்?

நாலுபோல்ட்66:
வணக்கம். வண்டி 1966 மஸ்டாங் கூப்பே, 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நாலு சக்கரத்திலும் 9 இன்ச் டிரம் பிரேக், சக்கரத்துக்கு நாலு போல்ட். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. இன்ஜினை இப்போது தொடப்போவதில்லை. முன்னால் டிஸ்க், நாலு பக்கமும் அஞ்சு போல்ட், இவ்வளவுதான் தேவை.

பழைய வண்டி யார்டில் கிடப்பவை: 1978 ஃபோர்டு கிரனாடா (முன் டிஸ்க் முழுசாக இருக்கிறது), 1973 மேவரிக் 302 (வி8), 1979 லிங்கன் வெர்சாய், 1964 ஃபால்கன் ஆறு சிலிண்டர். எல்லாம் ஒரே குடும்பம், அப்படியே மாட்டலாம் என்கிறார்கள். எது உண்மை? இன்னொன்று, பயணி பக்கத் தரை துருப்பிடித்து ஓட்டை. ஃபால்கன் தரையை வெட்டி வைக்கலாமா?

பழைய இரும்பு:
ஒரே குடும்பம் என்பது சரி, அப்படியே மாட்டலாம் என்பது தவறு. 1960 ஃபால்கன்தான் மூத்தது. அதன் அடித்தளத்தில் 1964 ஏப்ரலில் மஸ்டாங் வந்தது. அதே வழியில் 1970 மேவரிக், அதிலிருந்து 1975 கிரனாடா, கிரனாடாவுக்குக் கோட்டு மாட்டி 1977 வெர்சாய். ஆனால் 1966இல் ஃபால்கன் ஃபேர்லேன் என்ற பெரிய ஃபோர்டின் அடித்தளத்துக்குப் போய்விட்டது. ஆகவே உங்களுக்கு ஃபால்கன் என்றால் 65 வரைக்கும்தான்.

அந்த 64 ஃபால்கனை விட்டுவிடுங்கள். ஆறு சிலிண்டர் ஸ்பிண்டில் (முன் சக்கர ஹப்பைத் தாங்கும் துண்டு), 9 இன்ச் டிரம், நாலு போல்ட். உங்களிடம் இருப்பதேதான் அதிலும் இருக்கிறது. வி8 போட்ட 64, 65 ஃபால்கனாக இருந்தால் 10 இன்ச் டிரம், அஞ்சு போல்ட் கிடைத்திருக்கும்.

எடுக்க வேண்டியவை இரண்டு: கிரனாடாவின் முன் ஸ்பிண்டில், மேவரிக்கின் பின் ஆக்ஸில். கிரனாடாவில் ஸ்பிண்டில், காலிப்பர் பிராக்கெட், காலிப்பர், தூசித் தகடு, அதன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் இடது வலது என்று எழுதி ஒட்டி எடுங்கள். ரோட்டர் (பிரேக் தட்டு) சுமார் 11 இன்ச், அதைக் கவ்வுவது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். ரோட்டர், பேரிங், ஹோஸ் மூன்றும் புதிதாக வாங்குங்கள். அதோடு கிரனாடாவின் 14 இன்ச் சக்கரங்களையும் கேளுங்கள். டிரம் காலத்து 14 இன்ச் இரும்புச் சக்கரம் பெரும்பாலும் காலிப்பரில் உரசும், இல்லாவிட்டால் நடுத்துளை ஹப் மேல் ஏறாது. போல்ட் வட்டம் 5×4½ (4½ இன்ச் வட்டத்தில் அஞ்சு போல்ட்) பொருந்துகிறதே என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

பினியன்:
பின் ஆக்ஸில் பற்றி. உங்களுடையது 7¼ இன்ச் கிரௌன் (உள்ளே உள்ள பெரிய பல்சக்கரம்), பின்னால் மூடி உள்ள வகை. மேவரிக் 302இல் 8 இன்ச், முன்பக்கமாகக் கழற்றும் வகை. யார்டில் 8 இன்ச்சா 9 இன்ச்சா என்று குழம்பினால் கேரியரின் (பல்சக்கரத்தைத் தாங்கும் பகுதியின்) அடி நட்டில் சாக்கெட் வைத்துப் பாருங்கள். நேராக உட்கார்ந்தால் 8. முட்டினால், ஸ்பானர்தான் போகும் என்றால், 9. ஆக்ஸிலின் அடையாளத் தகட்டில் "3.00" போன்ற கியர் விகித எண்ணுக்கு நடுவில் புள்ளியோ இடைவெளியோ இருந்தால் சாதா, அந்த இடத்தில் எல் எழுத்து இருந்தால் லிமிட்டட் ஸ்லிப்.

அகலம்: 65–66 மஸ்டாங்கில் ஒரு ஃபிளேஞ்சிலிருந்து (சக்கரம் பிடிக்கும் முகம்) மறு ஃபிளேஞ்சுக்கு 57¼ இன்ச். மேவரிக் 56½. அதாவது ஒரு பக்கத்துக்கு ⅜ இன்ச் உள்ளே போகும், பயமில்லை. வெர்சாய் சுமார் 58½, பக்கத்துக்கு ⅝ இன்ச் வெளியே. ஃபெண்டர் விளிம்பில் டயர் உரச இது போதும். வெர்சாய் 9 இன்ச்சில் பின் டிஸ்க் இருப்பதால் ஆசை வரும். அந்தக் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் திருகு இருக்கிறது, இறுகிப்போனால் சரிசெய்யும் செலவில் இரண்டு டிரம் ஆக்ஸில் வாங்கலாம். ஆறு சிலிண்டருக்கு 9 இன்ச் வெறும் சுமை.

ஸ்பிரிங் பட்டை உட்காரும் பேட் இரண்டுக்கும் நடுவே மஸ்டாங்கில் 43 இன்ச். மேவரிக் ஆக்ஸிலில் டேப் வைத்து அளந்த பிறகே காசு கொடுங்கள். வித்தியாசம் இருந்தால் பேடை வெட்டி, புதுப் பேடை புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு வண்டியில் ஏற்றி, வண்டியைத் தரையில் நிறுத்தி, பினியன் கோணம் (ஆக்ஸிலில் டிரைவ் ஷாஃப்ட் சேரும் கோணம்) பார்த்து, அதன் பிறகே முழு வெல்டிங். வெளியிலேயே முழுதாக வெல்டிங் வைத்தால் கோணம் தவறி 50 மைல் வேகத்தில் அதிர்வு வரும். டிரைவ் ஷாஃப்ட் நீளமும் மாறும். ஷாஃப்ட்டின் முன் யோக்கை கியர்பாக்ஸுக்குள் முழுக்கத் தள்ளி, ¾ இன்ச் வெளியே இழுத்து, அந்த நிலையில் அளந்து கொடுங்கள். இரண்டு முனையிலும் கிராஸ் (ஷாஃப்ட் மூட்டு) அளவு வேறாக இருக்கலாம். அதற்குக் கலப்பு கிராஸ் கிடைக்கும்.

தகரடப்பா:
தரைக்கு வருகிறேன். ஃபால்கன் தரையை வெட்டாதீர்கள். சொந்தம் இருப்பது அடியில், மேல் தகரத்தில் அல்ல. மஸ்டாங் தகரம் மஸ்டாங்குக்கே, அதுவும் 65, 66 இரண்டுக்குள்தான். 67 பெரிய உடம்பு, கதவு ஃபெண்டர் எதுவும் ஏறாது. (65இன் சாதா மீட்டர் தொகுப்பு ஃபால்கன் பாணிப் படுக்கை வகை, 66இல் ஐந்து வட்டம். உள்ளே மாற்றிக்கொள்ளும் ஆசை வந்தால் வயரிங்கையும் சேர்த்து யோசியுங்கள்.) தரைத் தகடு புதிதாகச் செய்ததே மலிவாகக் கிடைக்கிறது.

தகடு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌல் சல்லடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். டேஷ் அடியில் காற்றுத் துளை வழியாகச் சொட்டினால் துரு தரையில் தொடங்கவில்லை, கௌலில் தொடங்கியது. அதைச் சரிசெய்யாமல் தரைக்குத் தகடு வைத்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி ஓட்டைதான்.

நாலுபோல்ட்66:
மிக்க நன்றி. கௌலில் ஊற்றினேன், வலது பக்கம் சொட்டுகிறது. அது தனி வேலை. இப்போது முன் ஸ்பிண்டிலைக் கழற்றப் போகிறேன். கீழ் ஆர்முக்கு ஜாக் கொடுத்து மேல் பால் ஜாயிண்டைக் கழற்றினால் போதுமா?

பழைய இரும்பு:
நிறுத்துங்கள்! கீழ் ஆர்மில் ஸ்பிரிங் இருக்கும் வண்டிகளுக்குத்தான் அந்த முறை. இந்தக் குடும்பத்தில் காயில் ஸ்பிரிங் மேல் ஆர்மின் மீது உட்கார்ந்திருக்கிறது. மேல் பால் ஜாயிண்ட் விட்டதும் கீழ் ஜாக் ஸ்பிரிங்கைத் தாங்காது, மேல் ஆர்ம் அடித்துக்கொண்டு இறங்கும். கை அங்கே இருந்தால் போய்விடும்.

வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போதே மேல் ஆர்முக்கும் அதன் கீழ் உள்ள ரெயிலுக்கும் இடையே கடினமான மரக்கட்டை ஒன்றைச் செருகுங்கள். அதன் பிறகு வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்பிரிங் பாரம் கட்டையில் நிற்கும், ஸ்பிண்டில் சும்மா வரும். ஸ்பிரிங்கையே மாற்றுவதென்றால் மேலே டவர் வழியாக ஸ்பிரிங்கை அமுக்கும் உள் கம்ப்ரஸர் போட வேண்டும். பால் ஜாயிண்ட் நட்டை முழுதும் கழற்றாமல் இரண்டு மரை தளர்த்தி, ஸ்பிண்டிலின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் டேப்பர் (கூம்புப் பிடிப்பு) விடும்.

நாலுபோல்ட்66:
கட்டை வைத்தே கழற்றினேன். கிரனாடா ஸ்பிண்டில் இரண்டு பால் ஜாயிண்டிலும் சரியாக ஏறிவிட்டது. ஆனால் டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் முனை) துளைக்குள் ஆடுகிறது. நட்டை முழுக்க இறுக்கினால் நின்றுவிடுமா?

பினியன்:
நிற்காது. நட்டு பிடிப்பதற்கு, டேப்பர் தாங்குவதற்கு. அந்தத் துளை உங்கள் எண்டின் தண்டைவிடப் பெரிது. இறுக்கினால் இன்று ஆட்டம் தெரியாது, கொஞ்ச நாளில் துளை முட்டை வடிவமாகி தண்டு ஒடியும். ரீமரும் உதவாது, அது பெரிதாக்கத்தான் முடியும்.

இரண்டு வேலை இருக்கிறது. முதலில், உங்களுடையது ஆறு சிலிண்டர் இணைப்பு, மெலிது. நடுத்தடி, உள் டை ராடு, வெளி எண்டு எல்லாம் 65–66 வி8 வகைக்கு மாறட்டும். இரண்டாவது, இந்த மாற்றத்துக்கென்றே செய்த வெளி எண்டு கிடைக்கிறது: ஒரு முனை மஸ்டாங் வி8 ஸ்லீவ் மரை, மறு முனை கிரனாடா டேப்பர். டேப்பர் புஷ் போட்டும் செய்கிறார்கள். ஸ்டீயரிங் விஷயத்தில் நான் முதல் வழியைத்தான் சொல்வேன். மாட்டியதும் தண்டில் நீல மை தடவி உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள், சுற்றிலும் தேய்ந்திருக்க வேண்டும். கோட்டர் பின்னுக்காக நட்டை ஒருபோதும் தளர்த்தாதீர்கள், அடுத்த பள்ளத்துக்கு இறுக்குங்கள்.

பம்ப் ஸ்டீயரும் பாருங்கள். கிரனாடாவில் டை ராடு பிடிக்கும் இடம் வேறு. குழியில் இறங்கும்போது வண்டி தானே திரும்பும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஸ்பிண்டிலை ஒவ்வொரு இன்ச்சாக மூன்று இன்ச் ஏற்றி டோ (சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பும் அளவு) மாற்றத்தை அளங்கள். ஒரு இன்ச்சுக்கு 1/16 இன்ச்சுக்கு மேல் போனால் ஸ்பேஸர் அடுக்கும் வகை எண்டு வேண்டும்.

தகரடப்பா:
அந்த ஒற்றை அறை மாஸ்டரை வைத்துக்கொண்டு டிஸ்க் ஓட்டாதீர்கள். டிரம் மாஸ்டரின் வாயில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கும், டிஸ்க் பேட் விடாமல் உரசும். டிஸ்க் வந்த பிந்தைய மேவரிக்கின் இரட்டை அறை மாஸ்டர், 15/16 இன்ச் துளை, பவர் இல்லாத பெடலுக்கு நன்றாக இருக்கும். பெரிய அறை டிஸ்குக்கு. உங்கள் பழைய தள்ளுகம்பி பழைய சிலிண்டரோடு பிணைந்தது, நீளம் சரிசெய்யும் கம்பி தனியாக வாங்குங்கள். பின் குழாயில் திருகிச் சரிசெய்யும் புரொபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக் அழுத்தத்தைக் குறைப்பது) வையுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டும்.

நாலுபோல்ட்66:
எல்லாம் மாட்டியாயிற்று. வி8 இணைப்பு, புது எண்டு, மாஸ்டர், வால்வு. ஆனால் பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது. பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது வரிசையில் ஒரு லிட்டர் எண்ணெய் விட்டுக் காற்று எடுத்தேன். கசிவு இல்லை.

பழைய இரும்பு:
காலிப்பரின் காற்றுத் திருகு மேலே இருக்கிறதா கீழேயா?

நாலுபோல்ட்66:
கீழே. இரண்டிலும்.

பழைய இரும்பு:
இடது வலது மாறிவிட்டது. காற்று மேலேயே தங்கும், நூறு தடவை விட்டாலும் வராது. மாற்றி மாட்டி மறுபடி எடுங்கள்.

நாலுபோல்ட்66:
மாற்றினேன். பெடல் பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது. நாளை வீல் அலைன்மெண்ட். ரேடியல் டயர், என்ன அளவு சொல்லட்டும்?

பினியன்:
கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு) பாசிட்டிவ் 2 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) நெகட்டிவ் அரை டிகிரி, டோ-இன் ⅛ இன்ச். பழைய கையேட்டு அளவு பயஸ் டயருக்கானது (ரேடியலுக்கு முந்தைய வகை), அதை வைக்க விடாதீர்கள்.